அவையறிதல்: கல்லூரிச் சாலை கற்பிக்கும் பாடம்

சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாள்களில், மயிலாப்பூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் அன்பியக் கூட்டம் முடிந்த பின்னர் ஒரு சிற்றவை கூடியது. டெங்குக் காய்ச்சலைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைப்பதே அதன் நோக்கம். பேச வந்தவர் நமது பங்கைச் சேர்ந்த இளைஞர். நகரின் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு பயில்கின்றவர். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் பல பெற்றவர். இருபது நிமிடங்கள் தங்குதடையின்றிப் பேசினார். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி, நோய்க்கிருமியின் இயல்பு, உலக நாடுகளின் நிலை என எதையும் விட்டாரில்லை. இறுதியாக, "நன்னீரைத் தேக்கி வைத்தல் அறவே கூடாது" என்று கையுயர்த்தி முழங்கி அமர்ந்தார். நாமும் கைதட்டினோம்.

கூட்டம் கலைந்தபின், மீன்கூடையைத் தலைச்சுமையாகவே ஐம்பது ஆண்டு சுமந்த மூதாட்டி ஒருவர் நம் அருகே வந்தார். "தம்பி நல்லாத்தான் பேசுச்சு, சாமி. ஆனா யாராண்ட பேசுச்சு? தண்ணி லாரி ரெண்டு நாளைக்கு ஒருதபா வருது. புடிச்சு வெக்காம இன்னாத்த குடிக்கிறது?" என்று கேட்டார். அவர் குரலில் சினமில்லை. உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. குருத்துவப் பயிற்சி முடிந்து, குருப்பட்டம் பெற்ற ஈரம் காயாத நிலையில், ஒரு கடற்கரைச் சிற்றூரில் நாம் ஆற்றிய முதல் மறையுரை நினைவுக்கு வந்தது. மீட்பு வரலாற்றின் படிநிலைகளை எல்லாம் வகுத்தும் தொகுத்தும் விளக்கினோம். திருப்பலி முடிந்ததும் முதிய உபதேசியார் திருப்பொருள் அறைக்கு வந்து, பணிவு குன்றாமல், "பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்தது, சாமி. அடுத்த வாரம் எங்களுக்கும் ஒண்ணு வையுங்க" என்றார். அந்த ஒரு சொல் நம் குருத்துவக் கல்லூரிப் படிப்பில் விடுபட்டிருந்த ஒரு பாடத்தை நமக்குத் தொடங்கி வைத்தது. அப்பாடத்தை இன்னும் படித்து முடித்தோமில்லை.

கல்லூரியில் பயிலும் இளையோருக்குப் பலவகை மக்களோடும் பேசக் கற்பிப்பது எப்படி? இக்கேள்வி இன்று பிறந்ததன்று. நமது மயிலை மறைமாவட்டத்தின் மண்ணிலேயே அதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நமக்கும் பயன் தரும் என எண்ணுகிறோம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் அமைச்சியலைப் புரட்டினால் பேச்சைக் குறித்த அதிகாரங்கள் மூன்றைக் காண்கிறோம். சொல்வன்மை 65-ஆம் அதிகாரம். அவையறிதல் 72-ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். இவ்வரிசை நம் சிந்தனைக்கு உரியது. அவைக்கு அஞ்சாதிருத்தலைக் கூறுமுன், அவையை அறிதலைக் கூறுகிறார் வள்ளுவர். எதிரே அமர்ந்திருப்போர் யார், எதை அறிந்தவர், எதை அறியாதவர், எதனால் வருந்துகின்றவர் என்று தெரிந்துகொண்ட பின்னரே அஞ்சாமைக்கு இடம் தரப்படுகிறது.

இன்று நம் கல்லூரிகளில் மென்திறன் பயிற்சி என்றும் தொடர்புத் திறன் என்றும் நடைபெறும் வகுப்புகளைக் கவனிப்போர் ஒன்றை உணர்வர். மேடைக் கூச்சம் நீங்கவும், நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் ஆங்கிலம் பேசவும், நிமிர்ந்து நிற்கவும் அங்கே கற்பிக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே; ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வேலை வாங்கித் தருபவையே. எனினும் இவையனைத்தும் அவையஞ்சாமை என்னும் ஓர் அதிகாரத்துள் அடங்கிவிடுகின்றன. அதற்கு முந்திய அதிகாரம் கற்பிக்கப்படாமலே போகிறது. நம் குப்பத்தில் அன்று நடந்ததும் அதுவே. இளைஞரிடம் அச்சம் இல்லை. அவையைப் பற்றிய அறிவும் இல்லை.

திருச்சபையின் மரபும் வள்ளுவரின் வரிசையையே ஒத்தது. கி.பி. 400-ஆம் ஆண்டையொட்டி, கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ் என்பவர் தம் மனக்குறையைப் புனித அகுஸ்தீனாருக்கு எழுதினார். புதிதாக மறையை அறிய வருவோருக்குத் தாம் ஆற்றும் உரை தமக்கே சலிப்பூட்டுகிறது என்பது அவர் குறை. அதற்கு விடையாக அகுஸ்தீனார் ஒரு சிறு நூலே எழுதினார். கேட்பவர் ஒருவரா பலரா, கற்றவரா கல்லாதவரா, நகரத்தவரா நாட்டுப்புறத்தவரா என்பதற்கேற்ப உரை மாறவேண்டும் என்று அதில் கூறுகிறார். நின்று கேட்டுக் களைத்தவருக்கு இருக்கை தரவேண்டும் என்றும் அந்நூலில் ஓர் அறிவுரை உண்டு. மாபெரும் இறையியலார், கேட்பவரின் கால்வலியையும் இறையியலின் பகுதியாகவே கருதினார்.

புனிதர் திருத்திக்கொண்ட பிழை

நம் மண்ணுக்கு வருவோம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் ஏறத்தாழ நான்கு திங்கள் நம் மயிலையில், திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே தங்கிச் செபித்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன் முத்துக்குளித்துறையில் அவர் பட்ட பாட்டைப் பலர் அறியார். தமிழறியாத அவர், இருமொழியும் தெரிந்தவர் சிலரின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அத்தமிழாக்கத்தில் பிழைகள் இருந்தன. விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் பொருள்படும் சொல் அமைந்துவிட்டது.

மக்களிடையே பழகப் பழக அப்பிழை அவருக்குப் புலனாயிற்று. 1544-இல் தம் உடன் உழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், அச்சொல்லை விடுத்து விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்துமாறு குறிப்பிட்டார். பல்லாயிரவருக்குத் திருமுழுக்கு அளித்த கைக்குரியவர், 'நாம் சொல்லிக்கொடுத்தது தவறு' என்று எழுதத் தயங்கவில்லை. அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளார் இன்னும் ஆழமாகத் தமிழைக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறுநூல், இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூலாக அவர் பெயரை நிலைநிறுத்துகிறது. படகோட்டிகளிடமும் முத்துக்குளிப்போரிடமும் தமிழ் கேட்டுக் கற்றவர்களின் கையிலிருந்துதான் தமிழ் அச்சு பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஒருவர், பல அவையினர்

இம்மரபின் கொடுமுடி வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்து, 1747 வரை இம்மண்ணிலேயே வாழ்ந்து மறைந்தவர். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடியவர் என்று அவரைப் போற்றுகிறோம். இக்கட்டுரையின் நோக்கில் நாம் கருதவேண்டுவது வேறொன்று. அவர் யார் யாருக்காக எழுதினார்?

புலவர் அவைக்குத் தேம்பாவணி தந்தார். இலக்கணம் வல்லார்க்கு 1730-இல் தொன்னூல் விளக்கம் தந்தார். செய்யுள் கற்கும் மாணாக்கர்க்கு 1732-இல் சதுரகராதியை ஆக்கினார். சிற்றூர்தோறும் சென்று மக்களைச் சந்திக்கும் உபதேசியார்களுக்கு எளிய உரைநடையில் வேதியர் ஒழுக்கம் எழுதினார். கடல் கடந்து புதிதாக வரும் மறைப்பணியாளருக்கு இலத்தீனில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார்: மக்கள் நாவில் வழங்கும் பேச்சுத் தமிழுக்கு ஒன்று, நூல்களில் வழங்கும் செந்தமிழுக்கு மற்றொன்று. அவர்கள் சிரித்துக்கொண்டே தமிழ் பழகப் பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். மட்டிக் குருவையும் மடச் சீடரையும் படைத்தவரும் வளனாரின் மாண்பைக் காவியமாக்கியவரும் ஒருவரே என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

இவற்றுள் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியதை நாம் சிறப்பாகப் போற்றவேண்டும். கற்றோர் பலர் கொச்சை என ஒதுக்கியதை, முறையாகக் கற்பதற்குரிய ஒன்றாக அவர் மதித்தார். அந்த இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில், கொள்கையில் அவரோடு முரண்பட்ட லுத்தரன் சபையாரின் அச்சகத்திலேயே அச்சாயிற்று. மக்களோடு பேச விரும்பிய இரு தரப்பாருக்கும் ஒரே கருவி தேவைப்பட்டது.

சென்னைக் கல்விச் சங்கம்

நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை வழியே செல்வோரிடம், இச்சாலை எந்தக் கல்லூரியின் பெயரால் அமைந்தது என்று கேட்டால், பெண்கள் கிறித்தவக் கல்லூரியையே சுட்டுவர். அக்கல்லூரி 1915-இல் தோன்றியது. சாலையின் பெயர் அதனினும் மூத்தது. 1812-இல் நிறுவப்பட்டு, தமிழில் சென்னைக் கல்விச் சங்கம் என வழங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியே இச்சாலைக்குப் பெயர் தந்தது. நாம் டி.பி.ஐ. வளாகம் என்று அழைத்துப் பழகிய, இன்று பேராசிரியர் அன்பழகன் பெயர் தாங்கும் கல்வி வளாகத்தோடு அதன் நினைவு பிணைந்துள்ளது.

அக்கல்லூரியின் மாணவர் யார்? இங்கிலாந்திலிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் பணிக்கு வந்த, இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். நாளை மாவட்டங்களில் உழவரின் முறையீட்டைக் கேட்கவும், கணக்கரின் ஓலையைப் படிக்கவும், வழக்குத் தீர்க்கவும் வேண்டியவர்கள். மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருக்கும் அதிகாரி மக்களின் குரலைக் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளரின் குரலையே கேட்கிறார். இதனை உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். சென்னையின் ஆட்சியராக இருந்த அவரே இக்கல்லூரி தோன்ற முன்னின்றார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வடமொழி, பாரசீகம், இந்துஸ்தானி முதலியவை அங்கே கற்பிக்கப்பட்டன. மொழித் தேர்ச்சிக்கேற்ப மாணவரின் ஊதியம் உயர்ந்தது.

அந்த வகுப்பறையை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஆள வந்தவர்கள் மாணவர் இருக்கையில். ஆளப்படுவோர் ஆசிரியர் இருக்கையில். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்கே பணியாற்றினர். அவர் எழுதி 1826-இல் வெளிவந்த பஞ்சதந்திரக் கதை, தமிழ் உரைநடைக்கே ஒரு படிக்கல்லாயிற்று. அங்கு நடந்த மொழியாய்வின் பயனாக, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தை எல்லிஸ் 1816-இல் அச்சில் வெளியிட்டார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. மாணவருக்கு நன்கு கற்பிக்கவேண்டும் என்ற முயற்சியிலிருந்தே இவ்வுண்மை பிறந்தது.

அக்கல்லூரியின் வரலாற்றில் கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஒருவரின் பெயர் மறக்கக்கூடாதது. அவர் புதுவையைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. கல்லூரியின் பணிகளை மேற்பார்க்கும் பொறுப்பிலிருந்தவர். 1816-இல் எல்லிஸ் அவரைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பி, வீரமாமுனிவரின் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுக்கச் செய்தார். முனிவர் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்தோறும் சென்று, சுவடிகளைக் காத்து வைத்திருந்தோரைக் கண்டு, அவர்கள் நினைவில் எஞ்சியவற்றைக் கேட்டுத் தொகுத்த முத்துசாமிப் பிள்ளை, 1822-இல் முனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் தமிழில் எழுதினார். இன்று நாம் வீரமாமுனிவரைப் பற்றி அறிந்துள்ள பலவற்றுக்கும் அவர் உழைப்பே வேர்.

முனிவரின் நூல்கள் கல்லூரிப் பாடங்களாயின. பேச்சுத் தமிழ் இலக்கணம் 1813-இல் கல்லூரி அச்சகத்தில் மறுபதிப்பாயிற்று. செந்தமிழ் இலக்கணம் பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1822-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பரமார்த்த குருவின் கதையை அவர் இலண்டனில் அச்சிட்டார். 1824-இல் சதுரகராதி அச்சேறியது. மறைப்பணிக்காக ஆக்கப்பட்ட கருவிகள், ஆட்சிப் பணிக்கு வந்த இளைஞரின் கையில் சேர்ந்தன.

இங்கே நாம் நின்று நிதானிக்கவேண்டும். இரு சாராரும் ஒரே இலக்கணத்தைக் கற்றனர். கற்ற நோக்கம் ஒன்றன்று. முனிவர் மக்களிடம் நற்செய்தியைக் கொண்டுசெல்லவும் அவர்களோடு வாழவும் கற்றார். கும்பினியின் இளைஞர் வரி தண்டவும் ஆளவும் கற்றனர். மக்களின் மொழியை அறிதல் மக்களை நேசித்தலுக்கு ஈடாகாது. வணிகரும் ஆட்சியாளரும் விளம்பரக்காரரும்கூட அவையறிவார்கள். எதற்காக அறிகிறோம் என்ற கேள்வி எப்போதும் எஞ்சி நிற்கிறது. இதைச் சொல்லாமல் அக்கல்லூரியைப் புகழ்ந்துவிட்டுச் செல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆயினும் எல்லிஸ் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. 1818-இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவர் நகரில் 27 கிணறுகளை வெட்டச் செய்தார். மயிலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள இராயப்பேட்டைக் கிணற்றருகே, தமிழில் பாடல் வடிவில் ஒரு கல்வெட்டை நிறுத்தினார். ஒரு நாட்டுக்கு நீர்வளம் உறுப்பாவதைக் கூறும் குறள் அதில் இடம்பெற்றுள்ளது. வள்ளுவரைக் கற்ற ஆட்சியர், தாம் செய்த செயலுக்குரிய காரணத்தை அம்மக்கள் போற்றும் நூலிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஆனால் முதலில் கிணறு வெட்டினார், பின்னரே கல்லெழுதினார். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குப்பத்தாரிடம் நீரைப் பற்றிப் பேசச் செல்வோர் இந்த முன்பின் வரிசையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கற்பவர் மாறினர்

எல்லிஸ் 1819-இல் இறந்தார். கல்லூரி 1854-இல் மூடப்பட்டது. அதற்குள் காற்று திசைமாறிவிட்டது. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பு, ஆங்கிலக் கல்வியே அரசின் ஆதரவுக்குரியது என்ற போக்கை வலுப்படுத்திற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. முன்பு ஆள்வோர் மக்களின் மொழியைக் கற்றனர். இப்போது மக்களின் பிள்ளைகள் ஆள்வோரின் மொழியைக் கற்கத் தொடங்கினர். அதனால் விளைந்த நன்மைகள் பல. பள்ளி வாயிலை மிதிக்க இயலாதிருந்த குடும்பங்கள் பட்டம் பெற்றன. அறிவியலும் சட்டமும் நம் கைக்கு எட்டின. அதே வேளையில், நன்றாகப் பேசுதல் என்றால் மேலிருப்போருக்குப் புரியுமாறு பேசுதல் என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றிவிட்டது. பேச்சுக்கலை மேல்நோக்கியே வளர்ந்தது. கீழே அமர்ந்திருப்போரிடம் பேசக் கற்கவேண்டும் என்ற நினைவே அற்றுப்போயிற்று.

நம்மைச் சுற்றியுள்ள கல்லூரிகள் இந்நிலையை அறியாதவை அல்ல. 1914-இல் கடற்கரையோரம் எழுந்த இராணி மேரி கல்லூரி, 1925-இல் இயேசு சபையார் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய இலயோலா, 1946-இல் மயிலையில் பிறந்த விவேகானந்தா, 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற அன்றே, சாந்தோமில் தொடங்கிப் பின்னர்க் கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்த ஸ்டெல்லா மாரிஸ் ஆகியவை தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளை ஆளாக்கியவை. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது முதல், மாணவர்கள் சிற்றூர்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் செல்கின்றனர். திருச்சபையும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தால் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்தது. நம் பெற்றோர் இலத்தீனில் கேட்ட திருப்பலியை நாம் தமிழில் நிறைவேற்றுகிறோம்.

எனினும் வாய்ப்பு இருப்பது வேறு, பழக்கம் அமைவது வேறு. நம் இளையோர் வாழும் இப்பகுதியையே நோக்குவோம். மயிலையின் மாடவீதிகளில் ஒரு தமிழ்; அங்கிருந்து சில நிமிட நடையில் கடலோரக் குப்பத்தில் வேறொரு தமிழ். தியாகராய நகர் இரங்கநாதன் தெருக் கடைகளில், நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்ய வந்த தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளின் தமிழ் இன்னொன்று. அடையாற்றுப் புறத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவரும், கட்டடம் கட்ட வந்த வங்காள, பீகார் தொழிலாளரும், கணினி நிறுவனத்து ஊழியரும் ஒரே தேநீர்க் கடையில் நிற்கின்றனர். நம் கல்லூரி மாணவர் இவர்கள் அனைவரையும் நாள்தோறும் கடந்து செல்கின்றார். இவர்களுள் எத்தனை பேரோடு அவரால் பத்து நிமிடம் பேச இயலும்? அவர்கள் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்க இயலுமா?

தூய ஆவியார் திருநாளில் நடந்த புதுமையைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. பல நாட்டவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். அனைவரையும் ஒரே மொழிக்குள் கொண்டுவந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். தூய ஆவியார் அவ்வாறு செய்யவில்லை. கேட்பவர் தம் இடத்தில் இருக்க, பேசுவோரின் நாவே மாற்றம் பெற்றது. பேசுகிறவர்தாம் இடம்பெயரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குப்பத்தில் ஒரு வகுப்பறை

மூதாட்டியின் கேள்வியை மறுநாளே அந்த இளைஞரிடம் தெரிவித்தோம். முகம் வாடினார். "நான் சொன்னதில் தவறில்லையே, ஃபாதர்" என்றார். தவறில்லைதான். நாம் சவேரியாரின் மடலைப் பற்றியும், நம் முதல் மறையுரைக்குக் கிடைத்த பாராட்டைப் பற்றியும் அவருக்குச் சொன்னோம். இரண்டாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தபின் அவருக்கு மனம் இளகியது.

நம் இளையோர் குழுவில் அன்று முதல் ஒரு சிறு முறையை வகுத்துக்கொண்டோம். எவரிடம் பேசவேண்டுமோ அவர்களிடம் முதலில் மூன்று முறையேனும் சென்று, பேசாமல் அமர்ந்து கேட்கவேண்டும். அவர்களுள் ஒருவரை ஆசிரியராக ஏற்று, பேச நினைத்ததை அவரிடம் முன்னதாகச் சொல்லிக் காட்டித் திருத்தம் பெறவேண்டும். பின்னர் அதே செய்தியை, அன்பியத் தாய்மாருக்கும், கடை ஊழியருக்கும், கல்லூரித் தோழருக்குமாக மூன்று விதத்தில் சொல்லிப் பழகவேண்டும். வீரமாமுனிவரின் நூல்வரிசையிலிருந்தும் கல்விச் சங்கத்தின் வகுப்பறையிலிருந்தும் நாம் எடுத்துக்கொண்ட முறை இது. புதியதாக ஒன்றும் இல்லை.

அந்த இளைஞர், விடியற்காலை தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குப்பத்துக்குச் சென்றார். முதல் நாள் ஒதுங்கி நின்றார். இரண்டாம் நாள் குடம் தூக்கினார். மூன்றாம் நாள் மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து, எந்த வீட்டில் எத்தனை குடம், எத்தனை பிளாஸ்டிக் பீப்பாய், எத்தனை நாளைக்கு நீர் வைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்தார். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பது அவர் நூலில் படித்தது. அந்த ஒரு வாரக் கணக்கு, குடம் கழுவும் வழக்கத்தோடு பொருந்தும் இடத்தை அவருக்குக் காட்டியவர் அந்த மூதாட்டி. பாத்திரத்தின் வாயைத் துணியால் இறுக மூடிக் கட்டவேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று இளைஞர் தடுமாறியபோது, "வேடு கட்டுன்னு சொல்லேன் தம்பி. ஊறுகா ஜாடிக்குக் கட்ற மாதிரி" என்று சொல்லெடுத்துக் கொடுத்தவரும் அவரே.

அடுத்த திங்கள் மீண்டும் கூட்டம் கூடியது. இம்முறை இளைஞர் நிற்கவில்லை. பாயில் அமர்ந்தே பேசினார். ஐந்து நிமிடம்தான். "தண்ணி புடிச்சு வையுங்க. வெச்சதுக்கு வேடு கட்டுங்க. வாரம் ஒருநாள், சனிக்கிழமைன்னு வெச்சுக்குங்க, தேய்ச்சுக் கழுவிக் கவுத்துட்டு மறுபடி புடிங்க" என்றார். பிறகு, தண்ணீர் லாரி நாள்தோறும் வரக் கோரி ஒரு மனு எழுதித் தரலாமா என்று கேட்டார். அம்மனுவில் முதல் கையொப்பம் மூதாட்டியுடையது. அவருக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார்.

மனுவுக்கு இதுவரை விடை வரவில்லை. இன்னும் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் லாரி வருகிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் நாம் அவ்வழியே நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, வாசல்தோறும் கழுவிக் கவிழ்த்த குடங்களைக் காண்கிறோம்.